தேயிலைப் பெட்டியில் ஒரு பழைய பெயர்

வெள்ளவத்தையில் வாங்கிய தேயிலைப் பெட்டியைப் பார்த்துவிட்டு மகள், "நாடு ஸ்ரீலங்கா எண்டால் இதில ஏனப்பா சிலோன்?" என்று கேட்டாள். 1972இல் நாட்டின் பெயர் மாறியது, தேயிலையின் பெயர் மாறவில்லை, வியாபாரம் அப்படி.

சரி, அதற்கு முன்? அரபு வணிகர் சொன்ன செரண்டிப், சிங்களத் தீவு என்பதன் திரிபு என்பார்கள். கிரேக்கரின் தப்ரபேன், செம்பு நிறக் கை என்று பொருள் சொல்லப்படும் பாளிப் பெயரான தம்பபண்ணியிலிருந்து வந்ததாம். சிங்களவரின் முதல் அரசன் எனப்படும் விஜயனின் ஆட்கள் கரையிறங்கி மண்ணில் கையூன்ற, உள்ளங்கை செம்பு நிறமானது என்கிறது மகாவம்சம் என்ற பழைய பாளி நூல் (கதைதான், ஆனாலும் அழகு).

எனக்குப் பிடித்தது ஈழம். 'ஈழத்து உணவும்' என்று பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களோடு சேர்த்துச் சொல்கிறது, திருப்பரங்குன்றத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டிலும் அந்தச் சொல் இருக்கிறது. சிங்களத்தைக் குறிக்கும் பாளிச் சொல் 'சிஹல'தான் ஈழமாயிற்று என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று இன்னொரு கட்சி. நான் விளக்கி முடிப்பதற்குள் மகள் பிளேன்டீ ஊற்றப் போய்விட்டாள்.