கேம் பாய் கார்ட்ரிட்ஜில் சேவ் நிற்கவில்லையா?

கேம் நன்றாக ஓடுகிறது, ஆனால் அணைத்துப் போட்டால் சேவ் (விளையாடிய இடம்வரை பதிந்து வைத்தது) காணோம் என்றால் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். சேவ் இருப்பது எஸ்ராம் என்ற நினைவக சிப்பில். மின்சாரம் நின்றால் அதற்கு எல்லாமே மறந்துவிடும். போகிமான் கோல்ட், சில்வர் கேம்களில் கடிகாரமும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது, அதனால் சீக்கிரமே காலியாகும்.

திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் (இந்தக் கார்ட்ரிட்ஜ்களின் தனி வகைத் திருகுக்கானது) ஸ்க்ரூடிரைவர் வேண்டும். கோல்ட், சில்வருக்கு சிஆர்2025 பேட்டரி. மற்றவற்றுக்குப் பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். தகட்டுக் கால்கள் வெல்ட் செய்தே வரும் பேட்டரிதான் வேண்டும். வெறும் பேட்டரியின் மேல் நேரடியாகச் சால்டரிங் வைக்கவே வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். டேப் ஒட்டிச் சமாளிப்பதும் வேண்டாம். ஒரு குலுக்கலில் தொடர்பு விட்டுப்போய் சேவ் அழிந்துவிடும்.

முக்கியமானது: பழைய பேட்டரியைக் கழற்றினால் மிச்சமிருக்கும் சேவும் போய்விடும். பல வருடம் வளர்த்த போகிமான்கள் இருந்தால், முதலில் கார்ட்ரிட்ஜ் ரீடரில் (கார்ட்ரிட்ஜில் உள்ளதைக் கணினிக்கு நகலெடுக்கும் கருவி) சேவை நகல் எடுத்துவிடுங்கள். பிறகு சர்க்யூட் பலகையில் உள்ள கூட்டல், கழித்தல் குறி பார்த்துப் புதிய பேட்டரியைப் பொருத்துங்கள்.

போகிமான் ரூபி, சஃபையர் கேம்கள் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். அவற்றில் சேவ், மின்சாரம் இல்லாமலே நிற்கும் ஃபிளாஷ் மெமரியில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் நின்று, கேமில் நடும் பெர்ரி வளராது, அவ்வளவுதான்.

திறந்த கையோடு, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் கார்ட்ரிட்ஜின் விளிம்பில் உள்ள தங்க நிறத் தொடர்புப் பற்களைத் துடைத்துவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் அவை அரித்துப்போகும்.