சொதி சொல்லித்தந்த அண்ணாச்சி

எனக்குச் சமையல் சொல்லித்தந்த தவசிப்பிள்ளை அண்ணாச்சி நேற்று பாளையங்கோட்டையில் காலமானார். அவரிடம் சேர்ந்த முதல் வருஷம் முழுக்கத் தேங்காய் துருவினேன். அப்புறம்தான் ஒரு மறுவீட்டுப் பந்திக்குச் சொதி, அதான் தேங்காய்ப்பால் குழம்பு, வைக்க விட்டார். தேங்காயை மூன்றாம் தடவை பிழிந்த பாலில் காய் வேகணும், இரண்டாம் பாலும் வெந்த பாசிப்பருப்பும் சேர்ந்து கொதிக்கணும், முதல் பால் விட்டு நுரை கட்டியதும் இறக்கிடணும். நான் கொதிக்கவிட்டேன், பால் திரிந்துவிட்டது. அத்தனை பேர் பந்திக்குக் காத்திருக்க, அவர் திட்டவே இல்லை. "அடுப்பைப் பாக்காதடே, பாலைப் பாரு" என்று புதிதாகத் தேங்காய் உடைத்தார். இஞ்சித் துவையல் இல்லாமல் சொதியைப் பந்திக்கு அனுப்பவே மாட்டார், தேங்காய்ப்பால் செரிக்கணுமே.

வெள்ளிக்கிழமை மறுவீட்டுச் சமையல் அவர் ஒத்துக்கொண்டது. சொதி நான் வைக்கிறேன், அண்ணாச்சி.