மிலானில் ஆயர்களின் வரிசையைத் தேடி ஒரு திருப்பயணம்

இத்தாலியின் மிலான் நகரப் பேராலயத்துக்குள் கால் வைத்ததும் எல்லோருடைய கண்ணும் தூண்களின் உயரத்துக்கும் வண்ணக் கண்ணாடிகளுக்கும்தான் போகிறது. நான் தேடிப் போனது வலப்பக்கச் சுவரில் உள்ள பளிங்குப் பலகைகளை. இந்த மறைமாவட்டத்தை ஆண்ட ஆயர்களின் பெயர்கள் அவற்றில் லத்தீனில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு திருப்பலியிலும் "எங்கள் ஆயர்" என்று ஒருவருக்காகப் பெயர் சொல்லி மன்றாடுகிறோம் அல்லவா? இந்த ஊர் மக்கள் அப்படித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த பெயர்கள் இவை.

வரிசையின் வேர் திருத்தூதர் பர்னபா என்பது மிலான் மக்களின் பழைய மரபு. வரலாறு நன்றாக அறிந்த பெயர் மிரோக்கிளஸ். 313-இல் ரோமில் கூடிய ஆயர் மன்றத்தில் இவர் இருந்தார். கல்லில் படிக்கும்போது ஒருவர் போக இன்னொருவர் வந்ததாக எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. உண்மையில் இந்த வரிசை பலமுறை அறுந்துபோகப் பார்த்தது. என் செபமும் அந்த இடங்களைச் சுற்றியே இருந்தது.

முதல் பெரிய அடி 355-இல் விழுந்தது. கிறிஸ்துவின் இறைத்தன்மைக்காக வாதாடிய ஆயர் புனித அத்தனாசியாரைக் கண்டித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார் பேரரசர் கொன்ஸ்தான்சியு. ஆயர் தியோனீசியு மறுத்தார், நாடுகடத்தப்பட்டார், ஊர் திரும்பாமலே இறந்தார். அவருடைய இடத்தில் கிறிஸ்துவின் இறைத்தன்மையை மறுத்த ஆரியுஸ் கட்சியைச் சேர்ந்த ஔக்செந்தியு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். அவர் 374-இல் இறந்ததும் அடுத்த ஆயர் யார் என்று கோயிலுக்குள்ளேயே இரு கட்சிகளும் மோதின. அமைதிப்படுத்த வந்தவர் அந்தப் பகுதியின் ஆளுநர் அம்புரோசியார். "அம்புரோஸ்தான் ஆயர்!" என்று ஒரு குரல் எழுந்தது, அது ஒரு குழந்தையின் குரல் என்பார்கள். கூட்டம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. அவரோ அப்போது திருமுழுக்குக்கூடப் பெறாதவர். தப்பிக்க என்னென்னவோ செய்து பார்த்தார், மக்கள் விடவில்லை. திருமுழுக்குப் பெற்ற சில நாளிலேயே, டிசம்பர் 7 அன்று, ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அந்த நாளே இன்றும் அவருடைய திருவிழா.

பேராலயத்துக்குள்ளிருந்தே படியிறங்கினால் பழைய திருமுழுக்குத் தொட்டி வருகிறது. எட்டுப் பக்கங்கள் கொண்ட அகலமான கல் தொட்டி. இப்போது தண்ணீர் இல்லை, மேற்பூச்சு உதிர்ந்து கல்லும் செங்கல்லும் தெரிகின்றன. 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், பின்னாளில் பெரிய மறைவல்லுநரான புனித அகுஸ்தினாரும் அவர் மகன் அதெயொதாத்துவும் அம்புரோசியார் கையால் திருமுழுக்குப் பெற்றது இங்கேதான். நம் ஊரில் எத்தனை அம்மாக்கள் பிள்ளைகள் திருந்த வேண்டும் என்று புனித மோனிக்காவிடம் அழுது மன்றாடுகிறார்கள்! அகுஸ்தினாரின் தாயான அந்த மோனிக்காவின் கண்ணீருக்குப் பதில் கிடைத்த இடம் இது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த அம்மாக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி செபித்தேன்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பேரரசி யுஸ்தினா ஒரு கோயிலை ஆரியுஸ் கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லி நெருக்கினார். அம்புரோசியார் இணங்கவில்லை. மக்கள் இரவும் பகலும் கோயிலுக்குள்ளேயே காவல் இருந்தார்கள். சோர்ந்துபோகாமல் இருக்கப் பாட்டுப் பாடினார்கள். மோனிக்காவும் அவர்களோடு இருந்ததை அகுஸ்தினாரே எழுதி வைத்திருக்கிறார். ஆயரைத் தேர்ந்தவர்களும் மக்கள், ஆயரோடு சாகத் துணிந்து நின்றவர்களும் மக்கள். அந்தப் பளிங்குப் பலகையில் இவர்கள் பெயர் இல்லை. ஆனால் இவர்கள் இல்லாமல் அந்த வரிசையும் இல்லை என்றே நான் நம்புகிறேன்.

அப்புறம் புனித அம்புரோசியார் கோயில். பலிபீடத்துக்குக் கீழே நிலவறையில், கண்ணாடிக்குப் பின்னால் மூன்று எலும்புக்கூடுகள் அருகருகே கிடக்கின்றன. நடுவில் ஆயர் உடையில் அம்புரோசியார். இரண்டு பக்கமும் மறைசாட்சிகள் கெர்வாசியு, புரோத்தாசியு. 386-இல் இவர்களுடைய உடல்களைக் கண்டெடுத்து இங்கே வைத்தவர் அவர்தான். அருகில் முழந்தாளிட்டால் முகத்தின் எலும்பு வரை தெளிவாகத் தெரிகிறது. பயம் வரவில்லை; வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர் மரணப்படுக்கையில் இருந்தபோது, அடுத்த ஆயர் யார் என்று திருத்தொண்டர்கள் தள்ளி நின்று மெதுவாகப் பேசினார்களாம். சிம்பிளிசியானு என்ற பெயர் வந்ததும், "வயதானவர், ஆனால் நல்லவர்" என்று மூன்று முறை சொன்னாராம். 397-இல் அந்த முதியவரே ஆயரானார்.

569-இல் லொம்பார்தியர் என்ற ஜெர்மானிய இனத்தார் படையெடுத்தபோது ஆயர் ஒனொராத்து ஜெனோவாவுக்குப் போனார். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் மிலானின் ஆயர்கள் அங்கேயே இருந்தார்கள்.

இன்னொரு வெறுமை 16-ஆம் நூற்றாண்டில். பேராயர் என்ற பெயர் இருந்தது, வருமானமும் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் பல பத்தாண்டுகளாக ஊரில் தங்கி மேய்த்தவர் யாரும் இல்லை. 1565-இல் வந்து தங்கினார் பேராயர் சார்லஸ் பொரோமேயு. 1576-இல் கொள்ளைநோய் வந்தபோது அதிகாரிகளே ஊரைவிட்டுப் போனார்கள். இவர் வெறுங்காலோடு, கழுத்தில் கயிறு கட்டி, இயேசுவை அறைந்ததாக நம்பப்படும் ஆணி பதித்த சிலுவையைச் சுமந்து தெருத்தெருவாகப் பவனி போனார். தம் வீட்டுத் திரைச்சீலைகளைக்கூட ஏழைகளுக்கு உடையாகத் தைக்கக் கொடுத்தார். 1584-இல் 46 வயதில் இறந்தார். பேராலய நிலவறையில் படிகப் பேழைக்குள் இருக்கிறார். அவர் சுமந்த சிலுவை இடப்பக்கப் பீடம் ஒன்றில் இருக்கிறது. 2012-இல் இறந்த முன்னாள் மிலான் பேராயர் கர்தினால் மர்த்தீனியின் கல்லறை அந்தச் சிலுவையின் அடியில்தான்.

நமக்கும் சார்லஸுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1580-இல் காஸ்திலியோனே என்ற ஊரில் பின்னாளில் புனிதரான சிறுவன் அலோசியு கொன்சாகாவுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) கொடுத்தவர் இவர்தான். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து அதே ஊரில் பிறந்தவர் நம் வீரமாமுனிவர்.

போக நினைப்பவர்கள் அம்புரோசியார் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் சிறிது நேரம் மூடிவிடுவார்கள். மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. முடிந்தால் ஒரு திருப்பலியிலும் பங்கேற்றுவிட்டு வாருங்கள். இங்கே அம்புரோசியார் பெயரால் தனி வழிபாட்டு முறை உண்டு: திருவருகைக் காலம் ஆறு வாரம், சமாதானம் பகிர்வது காணிக்கைக்கு முன்னால். மொழி புரியாவிட்டாலும், ஆயருக்காக மன்றாடும் இடம் வரும்போது பெயர் காதில் விழும்.