என்5 கேட்டல் தேர்வும் ஜப்பானிய இரட்டிப்பும்

ஜப்பானிய மொழித் திறனுக்கான ஜேஎல்பிடி தேர்வின் தொடக்க நிலையான என்5இல் 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் தனியாக 60க்கு 19 கட்டாயம் வேண்டும். ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். அந்தப் பகுதிக்குப் படித்தபோது நான் அதிக நேரம் கொடுத்தது மெய் இரட்டிப்புக்குத்தான். நீங்களும் கொடுங்கள்.

தமிழிலேயே இரட்டிப்பு இருக்கிறதே, நமக்கு இது சுலபம்தானே என்பார்கள். பாதிதான் சரி. ‘பலி’, ‘பல்லி’ இரண்டிலும் ல் ஒலிக்கும் நேரம்தான் வேறு. ‘படம்’, ‘பட்டம்’ அப்படியல்ல. ஒற்றை ட மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால் வன்மையாகும். அதனால் இரண்டு உயிர்களுக்கு நடுவே வல்லொலி கேட்டாலே நம் காது அதை இரட்டை என்று எடுத்துக்கொள்கிறது. ஜப்பானியத்திலோ ஒற்றையாக வரும் க, த, ப ஒலிகளும் வன்மையாகவே இருக்கும். டோக்கியோ, டொயோட்டா என்று நாம் எழுதுகிறோம். ஜப்பானியர் நாவில் அந்த இரண்டு பெயர்களிலும் இரட்டிப்பே இல்லை.

ஆகவே வன்மையைக் கவனிக்காதீர்கள், நேரத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஒலிக்கும் விரலால் ஒரு தட்டு என்று எண்ணுங்கள். ‘கி-தெ’ என்றால் வந்து, இரண்டு தட்டு. ‘கி-த்-தெ’ என்றால் வெட்டி, மூன்று தட்டு. நடுவில் மூச்சு அடைபட்டு நிற்கும் அந்த இடைவெளிக்கே ஜப்பானியர் ஒரு முழுத் தட்டு கொடுக்கிறார்கள். ‘ஷிதெ இமஸ்’ செய்கிறேன், ‘ஷித்தெ இமஸ்’ தெரியும். விரலால் மேசையில் தட்டிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பழகினால் காது தானாகப் பிரிக்கத் தொடங்கும்.

முக்கியமான ஒன்று: குறிப்பேட்டில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதவே வேண்டாம். இங்கே நான் எழுதியிருப்பது விளக்கத்துக்காக மட்டும். ‘கிதெ’ என்று எழுதினால் நாம் மெலித்துத்தான் படிப்போம். ஜப்பானியரின் அடிப்படை எழுத்தான ஹிரகானாவில் இரட்டிப்புக்கென்றே சிறிய ‘த்சு’ எழுத்து இருக்கிறது; முதல் நாளிலிருந்தே அதைப் போட்டு எழுதுங்கள்.

மணி, நிமிடக் கேள்விகளிலும் இது வரும். 1, 6, 8, 10 நிமிடங்கள் இரட்டிக்கும்: இப்புன், ரொப்புன், ஹப்புன், ஜுப்புன். இதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். ‘ஒன்னா’, ‘மின்னா’ போன்ற ன இரட்டிப்புக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை, தமிழ்க் காதே போதும். அப்புறம், தேர்வு நடத்துவோரின் இணையதளத்தில் மாதிரி வினாக்கள் ஒலியுடன் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் முறை கேட்கும்போது நிறுத்தாமல் விடை குறியுங்கள்; விரல் தட்டுவதெல்லாம் இரண்டாம் முறை.