தைப்பூசப் படங்களும் குடும்ப ஆல்பமும்

பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் எடுத்த பால்குடப் படங்களைக் கூகுள் போட்டோஸ் லிங்காகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுபவர்களுக்கு ஒரு விஷயம். அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் ஆல்பம் திறக்கும். ஈப்போ சித்தி தன் தோழிக்குத் தட்டிவிட்டால் அவரும் பார்ப்பார். பார்ப்பவர் யார் என்று கூகுள் கேட்காது. ஆல்பத்தின் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, ஆப்ஷன்ஸில் லிங்க் ஷேரிங்கை அணைத்துவிடுங்கள். அப்புறம் வேண்டியவர்களை மட்டும் அவரவர் கூகுள் கணக்கில் சேருங்கள். படம் எடுத்த இடத்தைக் காட்டுவதையும் அங்கேயே நிறுத்தலாம். வீட்டு வாசலில் பிள்ளை குடம் தூக்கி நிற்கும் படமென்றால் கட்டாயம் நிறுத்துங்கள். ஏற்கெனவே டவுன்லோட் செய்தவர்களிடம் போனது போனதுதான் லா!

முகநூல் சங்கதி வேறு. ‘நண்பர்களுக்கு மட்டும்’ என்று வைத்த படத்திலும் அத்தையை டேக் செய்தால், அமைப்பை மாற்றாத வரை அத்தையின் நண்பர்களுக்கும் அது தெரியும். கவர் படமோ வழக்கமாக ஊருக்கே பொது. பிள்ளைகளின் முகத்தை அங்கே வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. பழைய பொதுப் பதிவுகளை ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. தேடிப் பாருங்கள்.