விறகடுப்பின் புகைபோக்கிக்கு எத்தனை அடி உயரம்? நான் கணக்குப் போட்ட விதம்

வீட்டைச் சூடாக்க விறகடுப்பு வைப்பது என்று முடிவானதும் எல்லோரும் அடுப்பைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் அடுப்பு ஒழுங்காக எரிவதும் வீட்டுக்குள் புகை வராமல் இருப்பதும் பெரும்பாலும் புகைபோக்கியின் கையில்தான் இருக்கிறது. பொருத்த வந்தவர், "கூரைக்கு மேல மூணடி விட்டா போதும்ங்க" என்றார். அந்த மூன்றடி பாதி விதிதான்.

பல இடங்களில் பின்பற்றும் முழு விதி இது. கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம் வேண்டும். அதோடு, கிடைமட்டமாக 10 அடி தூரத்துக்குள் கூரையின் எந்தப் பகுதி இருந்தாலும், பக்கத்துச் சுவரோ வேறு கட்டடமோ இருந்தாலும், அதைவிட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். கூரை முகட்டில் மோதும் காற்று மறுபக்கம் சுழன்று இறங்கும். புகைபோக்கியின் வாய் அந்தச் சுழலுக்குள் இருந்தால் புகை திரும்ப உள்ளே தள்ளப்படும். அதனால்தான் இந்த இரண்டாவது பாதி.

எங்கள் கூரை சுமார் 30 டிகிரி சரிவு. அதாவது 10 அடி தள்ளினால் கூரை கிட்டத்தட்ட 5¾ அடி ஏறிவிடும். முதலில் நினைத்திருந்தபடி தாழ்வாரப் பக்கச் சுவரோரம் அடுப்பை வைத்தால், புகைபோக்கி கூரைக்கு மேல் ஏறக்குறைய 8 அடி நிற்க வேண்டும். அவ்வளவு உயரக் குழாய் காற்றில் ஆடும், கம்பி கட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும், வெளியே நிற்கும் நீளம் முழுக்கக் குளிர்ந்துகொண்டே இருக்கும். அடுப்பை வீட்டின் நடுப்பக்கம் நகர்த்தினேன். குழாய் முகட்டிலிருந்து 3 அடி தள்ளி வெளியே வந்தால், அங்கிருந்து முகடு 1¾ அடி உயரம்தான். அதற்கு மேல் 2 அடி. 4 அடிக்குள் முடிந்துவிட்டது.

சரி, காற்றுக்கான கணக்கு இது. குழாய் புகையை மேலே இழுக்கும் விசைக்கு, அதாவது இழுப்புக்கு, வேறொரு கணக்கு இருக்கிறது. அதைப் பலர் போடுவதே இல்லை.

சூடான புகை எடை குறைந்தது, வெளிக்காற்று எடை கூடியது. இந்த வித்தியாசமும் குழாயின் உயரமும் சேர்ந்ததுதான் இழுப்பு. எங்கள் அடுப்பின் கையேடு, அடுப்பில் புகை வெளியேறும் வாயிலிருந்து குழாயின் உச்சிவரை குறைந்தது 15 அடி கேட்டது. அடுப்பின் புகைவாய் தரையிலிருந்து 2½ அடியில். கூரையைத் துளைக்கும் இடம் 13 அடியில். இடையில் 10½ அடி. மேலே 4 அடி விட்டாலும் 14½ தான். காற்று விதிக்குப் போதுமான உயரம் இழுப்புக்குப் போதவில்லை. இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுக்க வேண்டும். கூரைக்கு மேல் 4¾ அடி வைத்தேன், மொத்தம் 15¼. எங்கள் குழாய்க்கு 5 அடியைத் தாண்டினால் தாங்குகம்பி வேண்டும் என்பதால் அங்கேயே நிறுத்தினேன்.

இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் இன்னும் நன்றாக எரியுமே என்று கேட்பார்கள். உயரத்தை இரட்டித்தால் புகையோட்டம் இரட்டிப்பதில்லை; ஏறத்தாழ அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான் கூடும். இழுப்பு மிஞ்சினால் விறகு விறுவிறுவென்று தீரும், சூடு அறைக்கு வராமல் மேலே போய்விடும்.

உயரத்துக்குச் சமமான முக்கியம் குழாயின் சூட்டுக்கு உண்டு. 15 அடிக் குழாயில் புகை சராசரி 200 டிகிரி, வெளியே 10 டிகிரி என்றால் கணக்குப்படி இழுப்பு சுமார் 22 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு). குழாய் குளிர்ந்து புகை 80 டிகிரிக்கு இறங்கினால் அது சுமார் 11 ஆகிவிடும், குழாயைப் பாதியாக வெட்டியது மாதிரி. உராய்வும் வளைவுகளும் தின்பது வேறு. பல அடுப்புகளைச் சோதிப்பதே 12 பாஸ்கல் இழுப்பில் என்பதை நினைத்தால் இந்த வீழ்ச்சி எவ்வளவு பெரியது என்று புரியும். குளிர்ந்த குழாயில் தாரும் படியும். குழாய்க்குள் தீப்பிடிப்பது அதனால்தான். ஆகவே கூரைக்கு மேலும் பரண் வழியாகவும் இரட்டைச்சுவர்க் காப்புக் குழாயே போட்டேன். வளைவே இல்லாமல் நேராக ஏற்றினோம். வெளிச்சுவரோரம் ஏறும் புகைபோக்கி வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்வேன், வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய.

பொருத்தியதும் ஒரு சோதனை செய்தோம். நன்கு காய்ந்த சிறு குச்சிகளைப் பற்றவைத்து, குழாய் சூடேறியபின் அடுப்புக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து தீக்குச்சியைக் காட்டினேன். சுடர் உள்ளே வளைந்தது. அப்புறம் சமையலறையின் புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டதும் அதே சுடர் தயங்கி நிமிர்ந்து, மெல்ல வெளிப்பக்கம் சாய்ந்தது. விசிறி வீட்டுக் காற்றை வெளியேற்றுகிறது; அந்த இடத்தை நிரப்பப் புகைபோக்கி வழியாகவே காற்று இறங்குகிறது. இதற்கு உயரம் எவ்வளவு கூட்டினாலும் முழுத் தீர்வு இல்லை. வெளிக்காற்று நேரடியாக அடுப்புக்கு வர ஒரு குழாய் வைத்தோம். அடுப்பு எரியும்போது விசிறி போடுவதில்லை. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் அதே அறையில் மாட்டியாயிற்று.

உங்கள் ஊர்க் கட்டட விதியும் அடுப்பின் கையேடும் வேறு எண் சொன்னால் அதையே எடுங்கள். குழாய் வாங்குவதற்கு முன்பே முகடு வரையிலான தூரத்தையும் கூரைச் சரிவையும் அளந்துவிடுங்கள். அடுப்பின் இடத்தை மாற்றும் வாய்ப்பு அப்போது மட்டும்தான் இருக்கும்.