றங்குப் பெட்டியோடு போன காமிக்ஸ்

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்குக் கரண்டும் நின்றது, தமிழ்நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காமிக்ஸும் நின்றது. அதனால் எங்களிடம் இருந்ததெல்லாம் அதற்கு முன் மாமாவும் அண்ணாவும் வாங்கி வைத்த முத்து, லயன், ராணி காமிக்ஸ்தான். இனிப் புதிது வராது என்று தெரிந்ததால் ஒவ்வொன்றுக்கும் பழைய கலண்டர் தாளில் உறை போட்டு, இலக்கமிட்டு, இரவல் கொடுத்தால் கொப்பியில் பெயர் எழுதி வைப்போம்.

ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், அந்த வெளிச்சத்தில்தான் வாசிப்பு. காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவிக்கு உடம்பில் மின்சாரம் பாய்ந்தால்தான் ஆள் மறைவார், கை மட்டும் தெரியும். கரண்டே இல்லாத எங்கள் ஊருக்கு வந்தால் அந்த மனுசன் என்ன செய்வார் என்று தம்பியோடு பெரிய வாக்குவாதம். ரேடியோவே சைக்கிள் டைனமோவில் பாடுகிறது, மாயாவிக்குப் போதாதா என்பான் அவன்.

1995 ஒக்டோபர் 30 பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், உடனே யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டுமாம். இருந்த ஒரு சைக்கிளில் அரிசி, உடுப்பு, காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள். புத்தகங்களை றங்குப் பெட்டியில் அடுக்கி, மேலே அம்மாவின் பழைய சேலை ஒன்றை விரித்து, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு நடந்தோம். மழை. நாவற்குழிப் பாலத்தடியில் சனம் அசையவே இல்லை.

அடுத்த வருடம் திரும்பிப் போனபோது வீட்டில் சுவர் இருந்தது. கூரையின் ஓடு, கதவு, ஜன்னல், கட்டில் எதுவும் இல்லை, பெட்டியும் இல்லை. யார் எடுத்தார்களோ, எரித்தார்களோ. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் அதே ஒழுங்கையில் இருக்கும்போது காமிக்ஸ் போச்சு என்று யாரிடம் சொல்வது? வருடக்கணக்காக வாயே திறக்கவில்லை.

வேலைக்குப் போய்க் கையில் காசு வந்த பிறகுதான் ஒரு கொப்பி எடுத்து ஞாபகத்தில் இருந்ததை எழுதத் தொடங்கினேன். தலைப்புகள் வரவில்லை, அட்டைப் படங்கள் வந்தன. அதுவே நல்லதாகப் போயிற்று, எந்தப் புத்தகத்தைத் தேடுகிறேன் என்று மற்றவர்களுக்குச் சொல்ல அட்டைதான் உதவியது. மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்-டேவிட் ஜோடி கதைகளை மறுபதிப்பாகப் போட்டார்கள். சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வாங்கினேன். எங்கள் பிரதியில் கடைசித் தாள்கள் கிழிந்துபோன ஒரு மாயாவி கதைக்குத் தம்பியே ஒரு முடிவு கட்டியிருந்தான். அச்சில் வந்த உண்மையான முடிவை இப்போதுதான் படித்தேன், தம்பியுடையதுதான் திறம்.

ராணி காமிக்ஸ்தான் சிக்கல். 1984இல் தொடங்கிய இதழ், பிறகு நின்றே போய்விட்டது. பழைய பிரதி வைத்திருப்பவர்கள் சொல்லும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அப்படிக் கொடுத்து வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். வேறொருவரின் பெயர் எழுதிய பிரதிக்கு அவ்வளவு காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. யாராவது ஸ்கேன் அனுப்பினால் போதும், கதையை வாசித்துக்கொள்வேன்.